சீப்பில் சிக்கிய முடியை நகைக்குள் வைக்கலாமா?

9 பிப்ரவரி 2025: கேள்வி (சொந்த ஊர் கருங்கல், இருப்பது ஷார்ஜா)

என் அம்மா சென்ற மாதம் தவறிவிட்டார். அடக்கத்துக்கு வந்து திரும்பும்போது அவருடைய சீப்பை மட்டும் எடுத்துவந்தேன். அதில் பத்துப் பதினைந்து முடிகள் சிக்கியிருக்கின்றன. அவற்றை ஒரு மோதிரத்திலோ பதக்கத்திலோ வைத்து அணிய விரும்புகிறேன். இன்ஸ்டாகிராமில் இப்படிச் செய்துதரும் கடைகள் பல உண்டு. ஆனால் முன்பின் தெரியாத ஒருவருக்கு அம்மாவின் முடியை கூரியரில் அனுப்ப மனம் வரவில்லை. நம் ஊர் ஆசாரிகள் செய்வார்களா? எத்தனை நாள் கெடாமல் இருக்கும்? இறந்தவர் முடியை உடம்பில் வைப்பது நம் வழக்கமே இல்லை என்று அப்பா வருத்தப்படுகிறார். அது உண்மைதானா?

9 பிப்ரவரி 2025, இரவு

உங்கள் அப்பா சொல்வது உண்மைதான், தம்பி. நம் பக்கத்தில் பிறந்தவரின் தடயத்தைப் பொதிந்து வைப்பார்கள். இறந்தவரின் தடயத்தை விட்டுவிடுவார்கள். பிள்ளையின் தொப்புள்கொடி காய்ந்து விழுந்ததும் அதை வெள்ளித் தாயத்துக்குள் அடைத்து அரைஞாணில் கோத்துக் கட்டுவதைப் பார்க்காதவர் இந்த மாவட்டத்தில் இருக்க முடியாது. ஏலசு என்றும் அதைச் சொல்வார்கள். என் தம்பியின் தாயத்து அவன் நான்காம் வகுப்பில் படிக்கும்போது குளத்தில் அறுந்து விழுந்துவிட்டது. அன்றைக்கு ஆச்சி அழுத அழுகையில் குளத்துத் தண்ணீர் இரண்டு படி ஏறியிருக்கும்.

அதே ஆச்சி, உதிர்ந்த முடி ஒன்று கூடத்தில் கிடந்தால் சீறுவார். சுருட்டி, மூன்று முறை துப்பி, வெளியே போடச் சொல்வார். பிறர் கையில் கிடைத்தால் செய்வினை வைத்துவிடுவார்களாம். விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து ஓட்டின்மேல் எறியச் சொன்னவரும் அவர்தான். இறந்தவரின் பாயும் தலையணையும் எரிந்துவிடும். சாம்பல் கடலுக்குப் போய்விடும்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் 2019இல் என் அம்மா போனபோது நான் நீங்கள் கேட்பதைத்தான் செய்தேன். அம்மாவின் சவுரியிலிருந்து ஒரு பிடியை நறுக்கி, அதில் பாதியை வெளிமாநிலக் கடை ஒன்றுக்கு அனுப்பினேன். ரெசின் என்னும் செயற்கைப் பிசினுக்குள் முடி பதித்த ஒரு பதக்கம் ஆறு வாரத்தில் வந்தது. இரண்டே ஆண்டில் அது பழைய கண்ணாடிக் குப்பிபோல மஞ்சளித்துவிட்டது. அதைவிட மனத்தை உறுத்தியது வேறொன்று. அம்மாவுக்குச் சுருட்டை முடி. பதக்கத்துக்குள் இருப்பதோ நீவிவிட்டதுபோன்ற நேர்முடி. நான் அனுப்பிய முடியைத் தொலைத்துவிட்டு வேறு யாருடையதையோ வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆகவே கூரியரில் அனுப்பாதீர்கள்.

வெள்ளியும் வேண்டாம். முடியில் கெரட்டின் என்னும் புரதம் இருக்கிறது. அதில் கந்தகம் இருக்கிறது. கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும். மீதி முடியை நான் வைத்திருக்கும் வெள்ளிக் குங்குமச் சிமிழின் மூடியோரம் கறுத்திருப்பதே சாட்சி. பொன்னில் செய்யுங்கள்.

11 பிப்ரவரி 2025

முதல் குறிப்பில் ஒரு விடை விடுபட்டுவிட்டது. முடி எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டிருந்தீர்கள். உலர்ந்த நிலையில், பூச்சி அரிக்காமல் இருந்தால், நம்மையும் நம் பேரப்பிள்ளைகளையும் தாண்டி இருக்கும். இங்கிலாந்தின் விக்டோரியா மகாராணி, கணவர் ஆல்பர்ட் 1861 டிசம்பர் 14 அன்று இறந்தபின் அவருடைய முடி வைத்த நகைகளை அணிந்தார். 1901இல் தாம் இறக்கும்வரை கறுப்பு உடையையும் விடவில்லை. அந்தக் காலத்து முடிநகைகள் இன்றும் நிறம் மாறாமல் கிடைக்கின்றன. ஸ்வீடனில் வோம்ஹூஸ் என்ற ஊரின் பெண்கள் முடியைப் பின்னிச் சங்கிலியும் காதணியும் செய்வதையே தொழிலாகக் கொண்டு நாடு நாடாகப் போனார்கள். அங்கேயும் என் சந்தேகம் மக்களுக்கு இருந்திருக்கிறது: கடைக்காரன் நாம் கொடுத்த முடியை மாற்றிவிடுவான் என்று அஞ்சியே பலர் வீட்டில் தாங்களே பின்னக் கற்றுக்கொண்டார்கள்.

முடிக்கு முதல் பகை ஈரம். மழைக்காலத்தில் முடி நீண்டு, வெயிலில் சுருங்கும். அந்தக் குணத்தை வைத்தே சொசூர் என்ற அறிஞர் 1783இல் ஈரப்பதமானி செய்தார். எங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்திலும் அப்படி ஒன்று இருந்தது. அது எந்த நாளிலும் சரியாகக் காட்டியதில்லை என்பது வேறு செய்தி.

11 பிப்ரவரி 2025, சிறிது நேரம் கழித்து

சாம்பலை வைரமாக்கித் தருவதாக விளம்பரம் வருகிறதே என்று ஒருவர் தனியே கேட்டிருக்கிறார். வைரம் என்பது கரி. எரியூட்டியபின் எலும்புச் சாம்பலில் மிஞ்சுவது பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட்; கரி அனேகமாகப் புகையாகப் போயிருக்கும். முடியில் எடைக்கு ஏறத்தாழ பாதி கரி உண்டு. அதிலிருந்து எடுப்பது எளிது. மிகுந்த அழுத்தமும் வெப்பமும் தந்து கரியை வைரமாக்கும் வித்தையை ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1954இலேயே செய்துகாட்டிவிட்டது. ஆனால் மிகச் சிறிதளவு கரியே போதும் என்பதால், அது யாருடைய கரி என்று வாங்குகிறவருக்குச் சொல்ல வைரத்துக்கு வாய் கிடையாது.

நம் ஊர்ச் சிதையில் சிரட்டையும் விறகும் மட்டையும் சேர்ந்தே எரிகின்றன. பதக்கத்துக்குள் வைக்கும் சிட்டிகைச் சாம்பலில் தென்னையும் கலந்துதான் இருக்கும். விறகுச் சாம்பல் ஈரத்தை இழுத்து உலோகத்தை அரிக்கவும் செய்யும். காந்தியடிகளின் அஸ்தியே கன்னியாகுமரியில் 1948 பிப்ரவரி 12 அன்று கடலில்தான் கரைந்தது. கலசம் வைத்திருந்த இடத்தில் 1956இல் மண்டபம் எழுப்பி, அக்டோபர் 2 நண்பகல் வெயில் கூரைத் துளை வழியாக அந்த இடத்தில் விழும்படி செய்தார்கள். கையில் வைத்துக்கொள்ள எதுவும் எடுக்கவில்லை. இடத்தை மட்டும் குறித்துக்கொண்டார்கள். என் கருத்துக்கு இதுவும் வலுச் சேர்க்கிறது.

16 பிப்ரவரி 2025

வலுச் சேர்க்கிறது என்று எழுதிய கை ஆறுவதற்குள் கோட்டாற்றிலிருந்து ஓர் அன்பர் என்னைத் திருத்தியிருக்கிறார். அவர் சொல்வது நியாயம். இறந்தவரின் தடயத்தை விட்டுவிடுவதே நம் வழக்கம் என்று நான் எழுதியபோது, என் வீட்டிலிருந்து பேருந்தில் அரை மணி தொலைவில் இருக்கும் கோட்டாறு சவேரியார் பேராலயத்தை மறந்துவிட்டேன். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளையின் உடல் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டது. 2022 மே 15 அன்று அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். புனிதர்களின் எலும்புத் துணுக்கையும் முடியையும் கண்ணாடி பதித்த பேழையில் வைத்து முத்தமிடும் வழக்கம் கத்தோலிக்கர்களிடம் பல நூற்றாண்டுகளாக உண்டு. சவேரியாரின் உடல் கோவாவில் இருக்கிறது. வலது முன்கை மட்டும் ரோமில் இருக்கிறது. இத்தகைய திருப்பண்டங்களை விற்பதைத் திருச்சபைச் சட்டம் முற்றிலும் தடை செய்கிறது என்பதையும் அவரே எடுத்துக்காட்டினார்.

இன்னொருவர், நகைக்குள் வைப்பதை வத்திக்கானே தடுத்துவிட்டதே என்று எழுதியிருக்கிறார். அதையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். 2016 ஆகஸ்ட் 15 தேதியிட்ட அறிவுறுத்தல், எரியூட்டிய உடலின் சாம்பலை நினைவுப் பொருளிலோ நகையிலோ வைக்கக் கூடாது என்கிறது. 2023 டிசம்பரில் வந்த விளக்கம், சாம்பலில் மிகச் சிறு பகுதியை இறந்தவரின் வாழ்வோடு தொடர்புள்ள ஓர் இடத்தில் வைக்கப் பரிசீலிக்கலாம் என்று சற்றே தளர்த்துகிறது. இரண்டும் சாம்பலைப் பற்றியவை. சீப்பில் இருக்கும் முடியைப் பற்றியவை அல்ல. ஆகவே கருங்கல் தம்பி அப்பாவிடம் பங்குத்தந்தையைக் கேட்டுப் பார்க்கச் சொல்லலாம். சண்டைக்குப் போக வேண்டாம்.

17 பிப்ரவரி 2025

திருவிதாங்கோட்டுத் தோழி படித்துவிட்டு அனுப்பியது: அவர்கள் வீட்டில் பிள்ளை பிறந்த ஏழாம் நாள் அகீகா என்னும் இஸ்லாமியச் சடங்கில் தலைமுடியை மழித்து, அந்த முடியின் எடைக்கு வெள்ளியைக் கணக்கிட்டுத் தருமம் செய்துவிடுவார்களாம், முடியை மண்ணில் புதைத்துவிடுவார்களாம். இங்கே முடியும் வெள்ளியும் ஒரே தராசில் ஏறுகின்றன, ஆனால் ஒன்றுக்குள் ஒன்று போவதில்லை. பிறந்தவரின் தடயத்தைப் பொதிந்து வைப்போம் என்ற என் விதியின் மறுபாதியும் இத்துடன் ஆட்டம் கண்டுவிட்டது.

2 மார்ச் 2025

வடசேரிக்குப் போயிருந்தேன். நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்த வேலை செய்யும் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த மூத்த ஆசாரி ஒருவரை எனக்கு அவருடைய மகள் வழியாகத் தெரியும். அவள் என்னிடம் படித்தவள். சிவப்புக் கெம்புக் கற்களை வைத்து, பொன் தகடு அழுத்தி, கழுகுக் கண்ணாடியும் இல்லாமல் எழுபது வயதில் வேலை பார்க்கிறார். விஷயத்தைச் சொன்னதும் முகம் சுளிக்கவில்லை. “தொப்புள்கொடிக்கு எத்தனை அடைச்சிருக்கேன் டீச்சரே, இதுக்கென்ன” என்றார்.

நான் நினைத்திருந்தது, முடியைக் குழலுக்குள் இட்டு வாயைப் பற்றவைத்துவிடுவார்கள் என்று. அவர் சிரித்துவிட்டு ஊதுகுழலை எடுத்துக் காட்டினார். வெண்காரம் தடவி, பற்றவைக்கும் பொடி வைத்து ஊதும்போது வெள்ளி செந்தணல் நிறத்துக்கு வர வேண்டும். ஏறத்தாழ 700 பாகை. முடி 200ஐத் தாண்டும்போதே சிதையத் தொடங்கிவிடும். “தீ வச்சு அடைச்சா உள்ள ஒண்ணும் மிஞ்சாது. நாத்தந்தான் மிஞ்சும்.” ஆகவே பற்றவைக்க வேண்டிய வளையம், அடித்தகடு, காது எல்லாவற்றையும் முதலில் முடித்துக் குளிரவைத்துவிட்டு, முடியை வைத்து, மூடியைச் செருகி, விளிம்பில் அரக்கை உருக்கி விடுகிறார். அரக்கு 75, 80 பாகையில் இளகிவிடும். முடிக்கு அது ஒரு வெயில் நாளைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். திருகு மூடியும் செய்யலாம், ஆனால் மரை வெட்டக் கூலி கூடும்.

முன்பெல்லாம் ஆனைவால் மோதிரம் கட்ட வருகிறவர்கள் மிகுதியாம். யானையின் வால்முடி தீயில் படாமல், பொன் தகட்டை அதன்மேல் குளிர்ந்த நிலையிலேயே மடக்கி அடித்துப் பொதிவார்களாம். அந்தக் கைப்பழக்கமே இதற்கும் உதவுகிறது. இப்போது யாராவது யானை முடியைக் கொண்டுவந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். இதைப் படிக்கும் யாரும் அப்பாவின் பழைய ஆனைவால் மோதிரத்தைப் படமெடுத்து இங்கே போட வேண்டாம்.

இரண்டு கிராமுக்குக் குறைந்த பொன் நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். சிறிய தாயத்தில் அந்த ஆறெழுத்து எண்ணைத் தேட வேண்டாம். ஆளின் நாணயம்தான் முத்திரை.

2 மார்ச் 2025, இரவு

மேலே “கழுகுக் கண்ணாடி” என்று எழுதிவிட்டேன். கண்ணில் இடுக்கும் பூதக்கண்ணாடியைத்தான் சொன்னேன். கழுகுக் கண் என்று எழுத வந்த நினைப்பு பாதியில் திசைமாறிவிட்டது. வேதியியல் ஆசிரியைக்கு இவ்வளவு தமிழ் போதும் என்று விட்டுவிடுங்கள்.

9 மார்ச் 2025

இன்று சிமிழை ஆசாரியிடம் கொண்டுபோனேன். ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக அதைத் திறக்கவில்லை. திறக்காததற்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொரு திவசத்தன்றும் கையில் எடுப்பேன், துடைப்பேன், திரும்ப வைத்துவிடுவேன். மூடி இறுகியிருந்ததால் அவர் மெல்லிய கத்தியைச் செருகி, சுற்றிலும் நெம்பித்தான் எடுத்தார். முதலில் வந்தது தேங்காய் எண்ணெயின் சிக்கு வாடை. அம்மாவின் வாடை என்று அதைச் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் எல்லாத் தலையணைக்கும் அதே வாடைதான்.

உள்ளே முடியை அன்றைக்கு ஒரு ரப்பர் வளையத்தால் கட்டிப் போட்டிருந்திருக்கிறேன். அது எனக்கு நினைவே இல்லை. ரப்பர் உருகிப் பிசினாகி, சிமிழின் அடியில் ஒட்டியிருந்தது. அது கிடந்த வட்டம் கரிக்கட்டைபோலக் கறுத்திருந்தது. மூடியின் விளிம்பிலும் அந்தக் கறுப்பே ஏறியிருந்தது. முடி மட்டும் பட்டுக் கிடந்த மறுபக்கம் லேசான பழுப்பு, அவ்வளவுதான். ரப்பரை வலுவாக்குவதே கந்தகம் சேர்த்துத்தான். முப்பது ஆண்டு வகுப்பில் சொல்லிக்கொடுத்ததைச் சொந்தச் சிமிழில் கோட்டைவிட்டிருக்கிறேன். பிப்ரவரி 9 குறிப்பில் வெள்ளி வேண்டாம் என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். முடியிலும் கந்தகம் உண்டு, ஆனால் அது புரதத்துக்குள் கட்டுண்டு கிடக்கிறது, எளிதில் வெளியேறாது. வெள்ளியிலேயே செய்யுங்கள், தம்பி. முடியை நூலால் கட்டுங்கள்.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். சிமிழில் இருந்த முடியும் நேர்முடிதான். கழுவி, நிழலில் உலர்த்தி, ஆசாரியின் வெள்ளைத் துணியில் பரப்பிப் பார்த்தோம். ஒரு சுருள்கூட இல்லை. பதக்கத்தில் இருப்பதும் இதுவும் ஒன்றே. அந்தக் கடை முடியை மாற்றவில்லை. ஐந்து ஆண்டுகளாக முகம் தெரியாத ஒருவரை மனத்துக்குள் திருடன் என்று ஏசிவந்திருக்கிறேன். ரெசின் மஞ்சளித்தது அவர்கள் குறைதான். அதில் நான் விட்டுக்கொடுக்கப்போவதில்லை.

ஆனால் அம்மாவுக்குச் சுருட்டை முடி. அப்படியானால் இது யாருடையது?

14 மார்ச் 2025

சித்தியிடம் தொலைபேசியில் கேட்டேன். சித்தி தொண்ணூறை நெருங்குகிறார். காது கேட்காது, நினைவு கூர்மை. சவுரி என்ற சொல் காதில் விழுந்ததும் விடை வந்துவிட்டது. “அது உங்க ஆச்சி முடிலா. உங்கம்மைக்குக் கல்யாணத்துக்குக் கட்டுனது.”

ஆச்சி தலைவாரும்போது உதிர்ந்த முடியைச் சுருட்டி ஓலைமறைப்பின் இடுக்கில் செருகிவைப்பாராம். அது ஒரு கைப்பிடி சேர்ந்ததும் சவுரி கட்டுகிறவரிடம் கொடுத்து, அம்மாவின் சுருட்டை முடி கொண்டைக்கு அடங்காது என்று, நேர்முடியில் நீளமாக ஒன்று கட்டி வாங்கினாராம். பிறகு அம்மா தன்னுடைய உதிர்ந்த முடியையும் அதில் சேர்த்துக் கட்டியிருக்கலாம், சேர்க்காமலும் இருந்திருக்கலாம். சித்திக்கு அது தெரியவில்லை. மீதிச் சவுரியை ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. என் தம்பி அதை அம்மாவின் பாயோடு சேர்த்து எரித்துவிட்டான்.

உதிர்ந்த முடி கூடத்தில் கிடந்தால் சீறிய ஆச்சி, மூன்று முறை துப்பி வெளியே போடச் சொன்ன ஆச்சி, தன் முடியை ஓலைக்குள் சேர்த்துவைத்து மகள் தலையில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். அம்மா அதை நாற்பது ஆண்டுக்குமேல் சூடியிருக்கிறார். நம் வழக்கம் இது, நம் வழக்கம் அது என்று நான் எழுதியதற்கெல்லாம் என் வீட்டுக் கொடியில் தொங்கிய சவுரியே பதிலாக இருந்திருக்கிறது.

பதக்கத்தை இன்று கழற்றி வைத்தேன். மாலையில் திரும்பப் போட்டுக்கொண்டேன்.

15 மார்ச் 2025

மரபணுச் சோதனையில் கண்டுபிடித்துவிடலாமே என்று கேட்கிறார்கள். வேர் இல்லாமல் நறுக்கிய முடியில் உட்கரு மரபணு போதிய அளவில் கிடைப்பது அரிது. மைட்டோகாண்டிரிய மரபணுவே நன்றாகக் கிடைக்கும். அது தாய் வழியாக மட்டுமே இறங்கும். ஆச்சி என் அம்மாவைப் பெற்றவர். ஆச்சிக்கும் அம்மாவுக்கும் சித்திக்கும் எனக்கும் அது ஒன்றே. அதைச் சோதித்தால், முடி எங்கள் தாய்வழியில் வந்த யாரோ ஒருவருடையதாக இருக்கலாம் என்பதோடு அறிக்கை நின்றுவிடும். கட்டணத்தைக் கேட்டபின் எனக்கும் அந்த அளவு போதும் என்று தோன்றிவிட்டது.

கருங்கல் தம்பி கவனிக்க: சீப்பில் சிக்குவது பெரும்பாலும் தானே உதிர்ந்த முடி, அதில் நுனியில் வெண்மையான குமிழ் இருக்கும். உங்களிடம் இருப்பது அம்மாவுடையதுதானா, அக்கா தங்கை யாரும் அந்தச் சீப்பை எடுத்து வாரவில்லையா என்று கேட்கவும் தோன்றுகிறது. கேட்காமல் விடுகிறேன்.

30 மார்ச் 2025

இதை எழுதலாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். தூத்தூர்ப் பக்கம் என் மாணவி ஒருத்தி இருக்கிறாள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது ஆழ்கடலில் இருந்த அவள் கணவன் திரும்பவில்லை. உடல்கள் கரைசேர்ந்தபோது அடையாளம் காண உறவினர்களின் இரத்தத்தை எடுத்து மரபணுவை ஒப்பிட்டார்கள். அவளுடைய மகனிடமும் எடுத்தார்கள், எதனோடும் பொருந்தவில்லை. கல்லறைத் தோட்டத்தில் அவளுக்கு என்று ஒரு குழி இல்லை.

அவனுடைய சவரத் தூரிகை குளியலறை மாடத்தில் இருந்ததாம். சோப்பு காய்ந்து இறுகியிருந்த அதன் மயிர்களுக்கு இடையில், கடைசியாகச் சவரம் செய்தபோது ஒட்டிய தாடித் துணுக்குகள். எள்ளைவிடச் சிறியவை. ஊசி முனையால் எடுத்து வெள்ளைக் காகிதத்தில் தட்டியிருக்கிறாள். பதினொன்று இருந்ததாம். அவற்றை வெள்ளித் தாயத்தில் அடைத்து மகனுக்குக் கட்டியிருக்கிறாள். பிள்ளைக்குத் தொப்புள்கொடி கட்டும் அதே அரைஞாணில், அதே தாயத்துக்குப் பக்கத்தில். அடைத்துக் கொடுத்தவர் பெயரைக் கேட்டேன். வடசேரியில் ஒரு கிழவர் என்றாள்.

ரெசின், வைரம், திருச்சபை, ஆச்சி என்று நான் இங்கே ஒன்றரை மாதமாக விரித்ததில் அவளுக்குத் தேவைப்பட்டது எதுவும் இல்லை.

6 ஏப்ரல் 2025

தாய்ப்பால் நகை பற்றிக் கேட்ட மருமகளுக்குச் சுருக்கமாக. பாலில் 87 விழுக்காட்டுக்கு மேல் நீர். அதைப் போக்கி, பொடியாக்கி, ரெசினில் கலந்துதான் கல்போல ஆக்குகிறார்கள். மிஞ்சும் கொழுப்பு நாளாவட்டத்தில் மஞ்சளிக்கும். வெயில் பட்டால் ரெசினும் மஞ்சளிக்கும். செய்வதானால் வெயில் படாமல் வைத்துக்கொள். ஊற்றி இறுகிய ரெசினைத் திரும்பத் திறக்க முடியாது என்பதையும் தெரிந்துகொண்டு செய். என் பதக்கத்தை உடைத்து முடியை மீட்கலாமா என்று ஆசாரியிடம் கேட்டதற்கு, சுத்தியலை எடுத்து நீட்டி, நீங்களே அடியுங்கள் என்றார். அடிக்கவில்லை.

20 ஏப்ரல் 2025

சிமிழில் இருந்த முடிக்குத் தாயத்து முடிந்தது. கூலி பேரம் பேசி, திருகு மூடிதான் வைக்கச் சொன்னேன். அரக்கு என்றால் ஒவ்வொரு முறையும் அவரிடம் போக வேண்டும். குழல் சுண்டுவிரல் நகத்தைவிட நீளம், நெல்மணியைவிடத் தடிப்பு. இருபது இழையை நாலாக மடித்து, வெள்ளை நூலால் சுற்றி, அவர் சிமிட்டாவால் உள்ளே இறக்கினார். மூடியைத் திருகும்முன் “டீச்சரே, உங்க முடியும் ரெண்டு வைக்கணுமா?” என்று கேட்டார். கிண்டலா, உண்மையா என்று முகத்தைப் பார்த்தேன், மரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் தலையிலிருந்து ஒன்று எடுத்துக் கொடுத்தேன். நரைத்தது. சற்றே சுருண்டது.

11 மே 2025

கருங்கல் தம்பி எழுதியிருக்கிறார். சீப்பில் இருக்கும் முடியில் பாதியைத் தனக்குத் தரும்படி அப்பா கேட்டிருக்கிறாராம். ஆகவே இரண்டு தாயத்து வேண்டும். ஆகஸ்டில் விடுப்பாம்.

முடியை இப்போதே மிதமான ஷாம்புவில் கழுவி, நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, காகித உறையில் வையுங்கள், தம்பி. பிளாஸ்டிக் உறை வேண்டாம், ரப்பர் வளையம் வேண்டவே வேண்டாம். சீப்பைக் கழுவ வேண்டியதில்லை. ஆசாரி காலை பத்து மணிக்குமேல்தான் குமுட்டியை மூட்டுவார். புதன்கிழமை கடை கிடையாது.